கோதுமை நாட்டுத் தாதி

நியூட்டன் என்ற பெயரைக் கேட்டவுடன் நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஆப்பிள் பழம் ஞாபகத்துக்கு வரும். நாம் இங்கே சொல்லப் புகுந்த நியூட்டனுக்கும் அந்தப் பழத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. இது ஓர் ஊர். அமெரிக்க தேசத்தின் நட்ட நடுவில், கான்ஸாஸ் ராஜ்யத்தில், எந்தக் கடற்கரையிலிருந்து புறப்பட்டாலும் பல நூறு மைல் தாண்டிப் போகவேண்டிய இடத்தில், கோதுமை வயல்களுக்கிடையே அமைந்திருக்கிறது. சிகாகோவுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் இடையே ஓடும் ரயில் அங்கே நிற்பது உண்மைதான். ஆனால் அந்த ரயில் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் பின்னிரவிலேயே நியூட்டனுக்கு வந்து சேருகிறது. ஆகவே பிரயாணிகளில் பெரும்பாலோர் நல்ல உறக்கத்திலேயே அந்த ஊரைக் கடந்து போய்விடுகிறார்கள்.

நயாகரா நீர்வீழ்ச்சியையும் நியூயார்க் நகரத்து வானளாவும் மாளிகைகளையும் பற்றி எழுதுவதற்கு எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நாம் நியூட்டனைப் பற்றி எழுத எண்ணியதற்குக் காரணம் ஒரு பெண்மணி. அவர் அரசியல் தலைவியுமல்ல, கதாசிரியையுமல்ல. நோயாளிகளின் படுக்கையருகே தம் வாழ்நாளைக் கழித்த ஒரு தாதி. அவருடைய வாழ்க்கையை அறிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் அந்த மண்ணையும், அந்த மண்ணுக்கு வந்து சேர்ந்த ஜனங்களையும் அறிந்துகொள்வது அவசியமாகும்.

கான்ஸாஸ் சமவெளியில் மலை என்று சொல்லத்தக்கது கண்ணுக்கு எட்டியவரையில் கிடையாது. நாம் அங்கே சென்றது ஜூன் மாதம். கோதுமை முற்றிப் பொன்னிறமாக நின்றது. நம் நாட்டில் ஐப்பசி மழை பெய்யும் காலத்தையொட்டி அங்கே விதைக்கிறார்கள். முளைத்த பயிர் பனிக்காலம் முழுவதும் உறைபனியின் கீழ் உறங்கிக் கிடந்து, வசந்தத்தில் எழுந்து, ஆனி மாதத்தில் அறுவடைக்கு வருகிறது. ஊருக்கு ஊர் ரயில் பாதையோரத்தில் வெண்ணிறமான தானியக் களஞ்சியங்கள் கோபுரம்போல் எழும்பி நிற்கின்றன. தஞ்சாவூர் ஜில்லாவில் தூரத்துக் கோபுரத்தைக் கண்டு "அதோ ஊர் வந்துவிட்டது" என்று சொல்கிறோமே, அதுபோல அங்கே களஞ்சியத்தைக் கண்டு ஊரை அறிந்துகொள்கிறார்கள்.

இவ்வளவு சாதுவான ஊருக்கு ஒரு காலத்தில் இருந்த பெயரைக் கேட்டால் வாசகர்கள் வியப்படைவார்கள். 1871-ஆம் வருஷம் ரயில் பாதை இங்கே வந்து சேர்ந்தது. டெக்ஸாஸ் ராஜ்யத்திலிருந்து ஆயிரக்கணக்கான மாடுகளை ஓட்டி வந்தவர்கள் இங்கேதான் அவற்றை ரயில் ஏற்றினார்கள். கையில் பணமும் இடுப்பில் துப்பாக்கியுமாக வந்த அந்த மனிதர்களுக்காகச் சாராயக் கடைகளும் நடன சாலைகளும் தோன்றின. அவ்வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஒரு நள்ளிரவில் நடன சாலையொன்றில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் பலர் மாண்டார்கள். ஊருக்கே 'இரத்த நியூட்டன்' என்ற பெயர் உண்டாயிற்று. மறு வருஷமே மாட்டு வியாபாரம் வேறு ஊருக்குப் போய்விட்டது. அப்புறம் இரண்டொரு வருஷங்களுக்குள், துப்பாக்கி ஏந்துவதே பாவம் என்று கருதும் ஒரு ஜன சமூகம் அதே ரயிலில் வந்து இறங்கியது! சரித்திர தேவதைக்கும் சில சமயங்களில் ஹாஸ்ய உணர்ச்சி உண்டு போலும்.

அப்படி வந்தவர்கள்தான் மெனோனைட் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர். பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் சமயச் சீர்திருத்தம் நடந்தபோது, "அறியாக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில் பொருளில்லை, வயது வந்தவர் தாமே மனமுவந்து ஏற்பதே உண்மையான ஞானஸ்நானம்" என்று சொன்ன ஒரு கூட்டம் கிளம்பியது. 1525-ல் ஸூரிச் நகரில் தோன்றிய அந்த இயக்கத்தில், பின்னர் 1536-ல், ஹாலந்து தேசத்துப் பாதிரியாரான மெனோ ஸைமன்ஸ் என்பவர் சேர்ந்து தலைமை வகித்தார். அவர் பெயரே அந்தப் பிரிவினருக்கு நிலைத்தது. ஆயுதம் எடுப்பதில்லை, சத்தியப் பிரமாணம் செய்வதில்லை என்பவை அவர்களுடைய விரதங்கள். இந்த விரதங்களை எந்த அரசன் தான் பொறுத்துக்கொள்வான்? கத்தோலிக்கரும் புராடெஸ்டண்டுகளும் ஒருங்கே அவர்களைத் துன்புறுத்தினார்கள். பலர் உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். பலர் நீரில் அமிழ்த்தப்பட்டார்கள்.

மிஞ்சியவர்கள் நாடு நாடாகப் போனார்கள். விஸ்துலா நதியின் முகத்துவாரத்தில் சதுப்பு நிலத்தைத் திருத்திக் குடியேறினார்கள். அங்கும் நெருக்கடி வரவே, 1789 முதல் ருஷ்யச் சக்கரவர்த்தினியின் அழைப்பை ஏற்று இன்றைய உக்ரேன் நாட்டின் புல்வெளிகளுக்குச் சென்றார்கள். ராணுவ சேவையிலிருந்து விலக்கு அளிப்பதாக அங்கே அவர்களுக்கு வாக்களிக்கப்பட்டிருந்தது. வாக்குறுதிகளுக்கும் ஆயுள் உண்டு அல்லவா? 1870-க்குப் பின் ருஷ்ய அரசாங்கம் கட்டாய ராணுவச் சட்டத்தைக் கொண்டுவர முனைந்தது. உடனே ஏறக்குறைய 18,000 பேர் வீட்டையும் வயலையும் விற்றுவிட்டு, வட அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களில் பல்லாயிரவர் கான்ஸாஸுக்கு வந்தார்கள்.

வந்தவர்கள் 'துருக்கிச் சிவப்பு' என்னும் கோதுமை விதையையும் உடன் கொணர்ந்தார்கள். பிள்ளைகள் உட்கார்ந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கிச் சேர்த்துப் பெட்டியில் வைத்ததாகக் கர்ணபரம்பரைக் கதை ஒன்று அங்கே வழங்குகிறது. கதை எப்படியிருந்தாலும், அந்த வகைக் கோதுமை கான்ஸாஸின் விதியையே மாற்றியது உண்மை. நியூட்டனில் ஒரு பூங்காவில் மெனோனைட் குடியானவன் ஒருவனுக்குக் கல்லில் உருவம் அமைத்து 1942-ல் நிறுத்தியிருக்கிறார்கள். தேசத்துக்குச் சோறு போட்டவனுக்குச் சிலை வைப்பது எவ்வளவு பொருத்தமானது!

அவர்களுடைய வீட்டுச் சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் நம் வீட்டுப் பெண்மணிகள் மன்னிக்க மாட்டார்கள். ஒரு பந்தின் மேல் இன்னொரு சிறிய பந்தை உட்கார வைத்தாற்போன்ற ரொட்டி அவர்களுக்கு விசேஷமானது. பாலாடைக் கட்டியைப் பூரணமாக வைத்து மடித்து வேகவைத்த பலகாரம் ஒன்று உண்டு. நம் கொழுக்கட்டைக்கு அது தூரத்து உறவு என்று நாம் தீர்மானித்தோம். அதன் மேல் மாமிசக் குழம்பை ஊற்றுவது அவர்கள் வழக்கம். குழம்பை விலக்கிவிட்டுக் கொழுக்கட்டையை மாத்திரம் சாப்பிட்டால் அவர்கள் ஒன்றும் தவறாக நினைத்துக்கொள்வதில்லை.

இத்தகைய குடியானவர் நாட்டில் ஒருவர் நோயில் விழுந்தால் என்ன ஆகும்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரையில் நிலைமை நம் கிராமங்களின் நிலைமையிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. மருத்துவச்சி பிரசவம் பார்ப்பாள். எலும்பு முறிந்தால் பரம்பரையாகக் கட்டுப் போடுகிறவர் வருவார். டாக்டர் வேண்டுமானால் குதிரை வண்டி பூட்டிக்கொண்டு பல மைல் போகவேண்டும். பனிப்புயல் அடிக்கும் நாளில் அதுவும் இயலாது. கதிரடிக்கும் யந்திரத்தில் கை சிக்கிக்கொண்டவனைச் சமையலறை மேஜையில் கிடத்தி, விளக்கைத் தூக்கிப் பிடித்து ரண சிகிச்சை செய்த காலம் அது. டைபாய்டு, தொண்டை அடைப்பான், நிமோனியா ஆகியவை ஒரு வீட்டில் புகுந்தால் இரண்டு மூன்று சிறு சவப்பெட்டிகளைச் செய்யவைத்துவிட்டுத்தான் வெளியேறும். பென்ஸிலின் என்ற மருந்தை அப்போது எவரும் கனவிலும் கண்டதில்லை.

மருந்து இல்லாத காலத்தில் நோயாளியைப் பிழைக்க வைத்தது எது? பணிவிடைதான். டைபாய்டு ஜுரத்தில் வாரக்கணக்கில் கிடப்பவனுக்கு மணிக்கொரு தரம் உடம்பைத் துடைத்து, காய்ச்சி ஆறிய நீரைத் துளித் துளியாகப் புகட்டி, படுக்கைத் துணியைக் கொதிக்கும் நீரில் போட்டெடுத்து, இரவெல்லாம் கண் விழித்திருக்கவேண்டும். அன்பு மட்டும் இருந்தால் இந்த வேலையைச் செய்துவிட முடியாது. எந்தக் கிருமி எவ்வழியே பரவும் என்ற ஞானமும், அதற்கேற்ற பயிற்சியும் வேண்டும். தாய்க்கு அன்பு இருந்தது, பயிற்சி இல்லை. ஆகையால் மூத்த குழந்தையின் ஜுரத்தைத் தன் கையாலேயே இளைய குழந்தைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த வயல்வெளி வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற ஒரு சகோதரி வேண்டியிருந்தது.

பிரீடா காஃப்மன் 1883-ஆம் வருஷம் ஜெர்மனியில் பாடன் பகுதியில் பிறந்தவர். 1892-ல் அவருடைய குடும்பம் அமெரிக்காவுக்கு வந்து, நியூட்டனுக்கு மேற்கே சில மைல் தூரத்திலுள்ள ஹால்ஸ்டெட் என்ற சிற்றூரில் குடியேறியது. வளர்ந்தபின் நியூட்டனில் உள்ள பெதல் கல்லூரிக்குப் படிக்க வந்தார். 1887-ல் மெனோனைட்டுகள் நிறுவிய அக்கல்லூரியின் சுண்ணாம்புக்கல் கட்டடம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. அதை ஸ்தாபித்தவர்களில் முக்கியமானவர் டேவிட் கோர்ட்ஸ் என்ற போதகர். ருஷ்யாவிலிருந்து 1873-ல் வந்த அவர் பத்திரிகாசிரியர், பள்ளி ஆசிரியர், அகதிகளுக்கு உதவிய சங்கத்தின் காரியதரிசி ஆகிய பல பொறுப்புக்களை ஏற்றவர்.

இந்த கோர்ட்ஸ் என்பவருக்கும் நம் தேசத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1899-1900 ஆண்டுகளில் இந்தியாவில் கொடும் பஞ்சம் உண்டாயிற்று. வடநாட்டார் அதை விக்கிரம சகாப்தம் 1956-ஐ வைத்து 'சப்பனியாப் பஞ்சம்' என்று இன்றும் கூறுவர். அச்சமயம் கான்ஸாஸ் முதலிய இடங்களிலிருந்த மெனோனைட் குடியானவர்கள் தங்கள் களத்துத் தானியத்தை அளந்து இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அதன் விநியோகத்தைக் கவனிப்பதற்காக 1900-ல் நம் தேசத்துக்கு வந்தவர் இந்த கோர்ட்ஸ்தான். தம் பரம்பரையே பலமுறை அகதியாக அலைந்தது. ஆகவே பசித்தவன் எந்த நிறத்தவன், எந்தத் தெய்வத்தை வணங்குபவன் என்று அவர்கள் விசாரிக்கவில்லை போலும். அதே காலத்தில் அவர்களுடைய ஊழியர்கள் மத்திய மாகாணத்தில் தம்தரி, சாம்பா ஆகிய இடங்களில் வந்து தங்கினார்கள். சாம்பாவில் 1902-ல் தொழுநோயாளருக்கென்று தொடங்கப்பட்ட சேவை அவ்வட்டாரத்தில் பெயர் பெற்றது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தொண்டுச் சகோதரியாக வேண்டும் என்ற தம் விருப்பத்தைப் பிரீடா இந்தப் பெரியவரிடம் தெரிவித்தார். கோர்ட்ஸுக்கும் வெகு நாளாக அதே எண்ணம் இருந்து வந்தது. வித்து ஒருவரிடமும் நிலம் மற்றொருவரிடமும் இருந்தன; இரண்டும் சேர்ந்துவிட்டன.

தொண்டுச் சகோதரி என்று நாம் சொல்வது ஆங்கிலத்தில் 'டீக்கனெஸ்' எனப்படும் பதவி. இதன் சரித்திரம் ரஸமானது. ஹாலந்து தேசத்து மெனோனைட் சபைகளில் ஏழைகளையும் நோயாளிகளையும் கவனிப்பதற்கென்று பெண்களை நியமிக்கும் வழக்கம் இருந்து வந்தது. 1823-ல் ஜெர்மன் பாதிரியார் தியோடோர் பிளீட்னர் என்பவர் தம் ஏழைச் சபைக்குப் பொருள் திரட்ட ஹாலந்து சென்றபோது இவ்வழக்கத்தைக் கண்டு வியந்தார். அந்த வியப்பின் பயனாக 1836-ல் கைஸர்ஸ்வெர்த் என்ற ஊரில் தொண்டுச் சகோதரிகளுக்கான பயிற்சி இல்லத்தை நிறுவினார். உலகப் பிரசித்தி பெற்ற பிளாரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1851-ல் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யக் கற்றுக்கொண்டது அங்கேதான். ஹாலந்து மெனோனைட்டுகளிடம் ஏற்றிய விளக்கு இவ்விதம் ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் போய், உலகையெல்லாம் சுற்றி, ஏறக்குறைய எண்பது வருஷங்களுக்குப் பிறகு அமெரிக்க மெனோனைட்டுகளின் வீட்டுக்கே திரும்பி வந்தது.

1902-ல் பிரீடா சின்சினாட்டி நகரத்துத் தொண்டுச் சகோதரிகளின் ஆஸ்பத்திரிக்குச் சென்று பயிற்சி பெற்றார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது கூட நிரம்பவில்லை. இரண்டு வருஷம் கழித்துத் திரும்பியபோது நியூட்டனில் ஆஸ்பத்திரி இன்னும் எழும்பியிருக்கவில்லை. சங்கம் பதிவாகியிருந்தது, பணம் குடியானவர்களின் பைகளில் இருந்தது. மேலும் நான்கு வருஷங்கள் பொறுத்திருந்த பின்னர், 1908-ஆம் வருஷம் ஜூன் மாதம் 11-ந் தேதி, பெதல் தொண்டுச் சகோதரிகள் இல்லமும் ஆஸ்பத்திரியும் திறந்துவைக்கப்பட்டன. அதே நாளில் பிரீடா காஃப்மன், காதரின் வோத், ஈடா எப் ஆகிய மூவரும் சபையின் முன்னிலையில் தொண்டுச் சகோதரிகளாக நியமனம் பெற்றார்கள். கோதுமை அறுவடை நெருங்கும் அந்த மாதத்தில், வேறொரு விதைப்பு அங்கே நடந்தேறியது.

அந்த மூன்று பெண்கள் எதை ஏற்றுக்கொண்டார்கள் என்பதை வாசகர்கள் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. உணவு, உடை, உறைவிடம், கைச் செலவுக்குச் சிறு தொகை, நோயிலும் முதுமையிலும் பராமரிப்பு ஆகியவற்றை இல்லம் கொடுக்கும், அவ்வளவே. எல்லோருக்கும் ஒரே மாதிரியான எளிய உடையும் தலையணியும். கன்னிகாஸ்திரீகளைப்போல் ஆயுள் விரதம் பூண்டவர்களல்ல. மணம் புரிய விரும்பினால் விடைபெற்றுச் செல்லலாம். ஆனால் சகோதரியாக இருக்கும் வரையில் தனக்கென்று ஒரு வீடு, தனக்கென்று ஒரு குழந்தை, தனக்கென்று ஒரு ரூபாய் கிடையாது.

அவர்கள் கூடி வாழ்ந்த இல்லத்துக்கு ஜெர்மன் மொழியில் உள்ள பெயரின் பொருள் 'தாய் வீடு' என்பதாகும். நமக்கு அச்சொல்லைக் கேட்டதும் நெஞ்சில் வேறோர் எண்ணம் எழுகிறது. நம் பெண்கள் தாய் வீட்டை விட்டுப் புகுந்த வீட்டுக்குப் போகிறார்கள். பின்பு தாய் வீட்டை நினைத்து ஏங்குகிறார்கள். இந்தச் சகோதரிகளோ புகுந்த வீட்டையே தாய் வீடாக ஆக்கிக்கொண்டார்கள். ஒருத்தி பிணியுற்றால் மற்றவர்கள் அவளுக்குத் தாயானார்கள்.

அக்காலத்துத் தாதியின் பொழுது விடியுமுன்னரே தொடங்கும். பன்னிரண்டு மணி நேர வேலை என்பது அன்று எல்லா ஆஸ்பத்திரிகளிலும் வழக்கமாயிருந்தது. அடுப்பு மூட்டுவது, தரை கழுவுவது, கருவிகளைக் கொதிக்க வைப்பது, கட்டுத் துணிகளைச் சுருட்டி வைப்பது எல்லாம் தாதியின் வேலையே. இவற்றோடு இளம் பெண்களுக்குத் தாதிப் பயிற்சியும் அங்கே அளிக்கப்பட்டது. பயின்ற பெண்கள் தத்தம் ஊர்களுக்குத் திரும்பியபோது, சுத்தத்தைப் பற்றிய சாஸ்திரமும் அவர்களோடு கிராமத்துச் சமையலறைகளுக்குப் போயிற்று. ஆஸ்பத்திரிச் சுவர்களுக்குள் செய்த சேவையைவிட இது பெரிதென்று நமக்குத் தோன்றுகிறது. வடக்கே கோசெல் என்ற கிராமத்தில் 1900-லேயே மெனோனைட்டுகளின் சிறிய ஆஸ்பத்திரி ஒன்று ஏற்பட்டிருந்தது. நெப்ராஸ்கா ராஜ்யத்தில் பீட்ரிஸ் நகரில் 1911-ல் மற்றோர் இல்லம் எழுந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் பிரீடா தலைமைச் சகோதரியாக இருந்து, கணக்கு வழக்கையும் கட்டடத்தையும் மனிதர்களையும் நிர்வகித்தார். பெண்கள் பிரசங்க மேடை ஏறுவதைச் சபைகள் பொதுவாக அனுமதிக்காத காலம் அது. மேடை கிடைக்காத ஒரு பெண், ஒரு பெரும் ஸ்தாபனத்தையே தம் பிரசங்கமாக ஆக்கிவிட்டார் என்றால் மிகையாகாது.

அச்சமயத்தில் பெரும் சோதனை ஒன்று வந்தது. 1917-ல் அமெரிக்கா ஜெர்மனியின் மேல் யுத்தம் தொடுத்தது. மெனோனைட்டுகள் ஜெர்மன் பேசினார்கள். துப்பாக்கி தூக்க மறுத்தார்கள். யுத்தக் கடன் பத்திரங்களை வாங்கத் தயங்கினார்கள். இம்மூன்றில் ஒன்று போதாதா, ஜனங்களின் ஆத்திரத்தைக் கிளப்ப? 1918-ஆம் வருஷம் நவம்பர் 11-ந் தேதி, யுத்தம் முடிந்த அதே நாளில், நியூட்டனுக்கு மேற்கேயுள்ள பர்ட்டன் என்ற ஊரில் ஜான் ஷ்ராக் என்ற மெனோனைட் குடியானவரை ஒரு கும்பல் பிடித்து இழுத்து வந்தது. கொடியைத் தாங்கி ஊர்வலம் போகச் சொன்னார்கள், அவர் மறுத்தார். உடல் முழுவதும் மஞ்சள் வர்ணத்தைப் பூசினார்கள். தூக்கில் போடவும் முனைந்தார்கள். நல்ல வேளையாக ஒருவர் இடைமறித்து அவரைச் சிறையில் வைத்துப் பூட்டி உயிரைக் காப்பாற்றினார். பின்னர் வழக்கு நடந்தது, குற்றம் நிலைக்கவில்லை.

அதே 1918-ல்தான் உலகத்தைச் சூறையாடிய விஷ ஜுரம் வந்தது. 'ஸ்பானிஷ் ஜுரம்' என்று பெயர் பெற்ற அந்நோய் முதன் முதலில் கணக்கில் ஏறிய இடங்களில் கான்ஸாஸ் ராஜ்யத்து ராணுவ முகாமும் ஒன்று. அந்த ஜுரத்துக்கு மருந்தில்லை. பணிவிடை ஒன்றே கதி. நியூட்டன் ஆஸ்பத்திரி மெனோனைட்டுகளுக்கு மட்டும் ஏற்பட்டதன்று. ஊராருக்கெல்லாம் அதன் கதவு திறந்திருந்தது. வீதியிலே எவர்களைத் தேசத் துரோகிகள் என்று ஏசினார்களோ, படுக்கையிலே அவர்களுடைய பெண்களின் கையால் நீர் வாங்கிக் குடிக்கவேண்டிய காலம்!

ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று சொல்பவனை உலகம் ஒரு கேள்வி கேட்கிறது: "பிறர் உயிரைக் கொடுக்கும்போது நீ எதைக் கொடுக்கிறாய்?" இது நியாயமான கேள்வி. வாயால் மட்டும் அஹிம்ஸை பேசுகிறவர்களால் இதற்கு விடை சொல்ல முடியாது. பிரீடா போன்ற பெண்கள் விடையைச் சொல்லவில்லை, செய்து காட்டினார்கள். இரண்டாவது உலக யுத்தத்தின்போதும் ராணுவத்தில் சேர மறுத்த ஏறக்குறைய 3,000 வாலிபர்கள், அவர்களில் பல மெனோனைட்டுகளும் உட்பட, அமெரிக்காவின் மனநோய் மருத்துவ சாலைகளில் வேலை செய்தார்கள். அங்கே நடந்த கொடுமைகளைக் கண்டு வெளியுலகுக்கு அறிவித்தார்கள். அந்த அநுபவத்தின் பயனாக மெனோனைட்டுகள் தாமே மனநோய் மருத்துவ சாலைகளை நிறுவினார்கள். அவற்றுள் ஒன்று 1954-ல் நியூட்டனிலேயே தோன்றியது.

நம் தேசத்தார் இந்தக் கருத்தைப் புரிந்துகொள்ளப் பிரயாசைப்பட வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்து ஏழைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் மகாத்மா காந்தி தினந்தோறும் சிறிது நேரம் மருந்து கொடுக்கும் வேலை செய்து வந்தார். அங்கே வந்த நோயாளிகளில் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற நம் தமிழர்களும் ஏராளம். 1899-ல் போயர் யுத்தம் மூண்டபோது அவர் சுமார் 1,100 இந்தியரைத் திரட்டிக் காயமுற்றவர்களைத் தூளியில் சுமந்து செல்லும் படை அமைத்தார். துப்பாக்கியோடு சத்தியாக்கிரகத்துக்குச் சம்பந்தமில்லை. ஆனால் தூளிக்கட்டிலோடு அதற்கு ஆரம்பம் முதலே சம்பந்தம் இருந்திருக்கிறது.

பிரீடா காஃப்மன் 1944-ல் காலமானார். அதற்குச் சில வருஷங்களுக்குப் பின் உலகம் வேகமாக மாறியது. தாதித் தொழிலுக்குச் சம்பளம் உயர்ந்தது. மணமான பெண்களும் தாதிகளாக வேலை பார்க்கலாயினர். படித்த பெண்களுக்கு வேறு உத்தியோகங்களும் திறந்தன. தொண்டுச் சகோதரியாகப் புதிதாய்ச் சேருவோர் குறைந்துகொண்டே வந்தார்கள். 1988-ல் அந்த ஆஸ்பத்திரி நகரிலிருந்த மற்றோர் ஆஸ்பத்திரியோடு இணைக்கப்பட்டு வேறு பெயர் பெற்றது. ஒரே மாதிரியான உடை அணிந்த சகோதரிகள் விடியற்காலையில் வரிசையாக வார்டுகளுக்குச் செல்லும் காட்சியை இன்று நியூட்டனில் காண முடியாது.

இதை எண்ணி வருந்தவேண்டுமா? நாம் அவ்விதம் கருதவில்லை. உழைத்தவளுக்குக் கூலி கிடைப்பதும், அவள் குடும்பம் நடத்துவதும் தர்மத்துக்கு விரோதமல்ல. வருந்தவேண்டியது வேறொன்றைப் பற்றி. மனமுவந்து எதையும் வேண்டாமல் செய்பவளின் செயலுக்குத் தியாகம் என்று பெயர். ஆனால் ஒருத்தியிடம் இரவு பகலாக வேலை வாங்கிக்கொண்டு, அரைச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, "ஆஹா, தியாகத்தின் திருவுருவம்!" என்று மாலை போடுவதற்கு என்ன பெயர்? பிரீடாவின் தாய் வீடு சம்பளம் கொடுக்கவில்லை. ஆனால் அவள் நோயையும் முதுமையையும் தன்னுடையவையாக ஏற்றுக்கொண்டது. இன்று நம்மில் பலர் தாதியரிடம் தியாகத்தை எதிர்பார்க்கிறோம். தாய் வீட்டின் கடமையைச் செய்யக் கூசுகிறோம்.

நாம் பள்ளி ஆசிரியர். வகுப்பில் பெண்களைப் பார்த்து, "நீங்கள் என்னவாக விரும்புகிறீர்கள்?" என்று கேட்பதுண்டு. டாக்டர் என்று சொல்ல எத்தனையோ கைகள் உயரும். நர்ஸ் என்று சொல்ல ஒன்றிரண்டு கைகள் தயங்கித் தயங்கி எழும். பக்கத்துப் பெண் சிரித்தால் அவையும் இறங்கிவிடும். அந்தப் பெண்கள் பேரில் குற்றமில்லை. அவர்கள் வீட்டில் கேட்ட பேச்சையே வகுப்பில் ஒப்பிக்கிறார்கள். வரன் பார்க்கும்போது "பெண் நர்ஸ் வேலை பார்க்கிறாளாமே" என்று குரலைத் தாழ்த்திப் பேசுகிற குடும்பங்கள், அதே பெண் வெளிநாடு சென்று நிறையச் சம்பாதிக்கிறாள் என்றால் குரலை உயர்த்திக்கொள்கின்றன. அவள் செய்யும் தொழிலோ இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் நாம் எல்லோரும் தாதியை "சிஸ்டர்" என்று கூப்பிடுகிறோம். அந்த ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்று யோசிப்பதில்லை. நோயாளிக்குப் பணி செய்வதற்காக வீட்டையும் வாசலையும் துறந்து, உண்மையாகவே ஒருவருக்கொருவர் சகோதரிகளாக வாழ்ந்த பெண்களின் பரம்பரை அச்சொல்லுக்குப் பின்னால் நிற்கிறது. கான்ஸாஸ் கோதுமை வயல்களுக்கு நடுவே வாழ்ந்த பிரீடாவும் அந்தப் பரம்பரையைச் சேர்ந்தவர்.

டாக்டர் அறைக்குள் வந்தால் எழுந்து நின்று "வாருங்கள்" என்கிறோம். நள்ளிரவில் மூன்றாவது முறையாக ஜுரம் பார்க்க வரும் பெண்ணை "ஏம்மா, இங்கே வா" என்று அழைக்கிறோம். வாய் "சிஸ்டர்" என்று சொல்கிறது. தொனி வேலைக்காரியைக் கூப்பிடுகிறது. அடுத்த முறை அவள் வரும்போது "வாருங்கள், சகோதரி" என்று நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்லட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேத்தியின் காதில் அது விழும். பிறகு வகுப்பில் அவள் தூக்கும் கை சட்டென்று இறங்கிவிடாது.